கிறிஸ்மஸ் ட்ரீ கண்ணாடி உருண்டைக்கு உள்பக்கம்தான் பெயிண்ட் அடிக்கணும்!

கேள்வி: மேடம், மால்ல ஒரு கடையில கிறிஸ்மஸ் ட்ரீல தொங்கவிடுற கண்ணாடி பால் (உருண்டை) பார்த்தேன். வெள்ளியை உருக்கி ஊத்தின மாதிரி என்னா மினுமினுப்பு! ஆனா ஒண்ணோட விலையில எங்க வீட்டு மொத்த டெக்கரேஷனும் முடிஞ்சிடும். சரி நாமளே பண்ணுவோம்னு பிளெய்ன் பால் வாங்கி சில்வர் பெயிண்ட் அடிச்சேன், தகர டப்பா மாதிரி வந்து நிக்குது. எங்க தப்பு பண்ணேன்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: பெயிண்ட்ல தப்பு இல்லம்மா, அடிச்ச பக்கம்தான் தப்பு. நீங்க பார்த்த அந்த மினுமினுப்பு உள்ள இருந்து வர்றது. ஜெர்மனியில லௌஷான்னு ஒரு மலை ஊர், 1597லயே அங்க கண்ணாடிப் பட்டறை வந்தாச்சு, 19ஆம் நூற்றாண்டுல அந்த ஊர்க்காரங்கதான் கண்ணாடிக் குழாயை நெருப்புல காட்டி ஊதி ஊதி இந்த பால் எல்லாம் செய்ய ஆரம்பிச்சாங்க. ஊதின பாலுக்கு உள்ள சில்வர் நைட்ரேட் கரைசலை ஊத்திக் குலுக்குவாங்க, உள்சுவர்ல வெள்ளி மெல்லிசா ஒட்டிக்கும், அப்புறம்தான் வெளியில கலர். ஒவ்வொண்ணும் கைவேலைங்கிறதால விலை அப்படி, அதுல நியாயம் இருக்கு. சில்வர் நைட்ரேட் நம்ம வீட்டுக்கு வேண்டவே வேண்டாம், கையில பட்டா கருப்பாக்கிடும். ஆனா உள்பக்கம் கலர் கொடுக்கிற அந்த சூட்சுமத்தை மட்டும் எடுத்துக்கலாம்.

கிராஃப்ட் கடையில கிடைக்கிற ட்ரான்ஸ்பரன்ட் பால் வாங்கி மூடியைக் கழட்டிடுங்க. உள்ள சொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது. மெட்டாலிக் அக்ரிலிக் பெயிண்ட் ரெண்டு ஸ்பூன் ஊத்துங்க, தண்ணி கலக்காதீங்க. பாலைக் கையில வச்சு மெதுவா உருட்டிக்கிட்டே இருங்க, பெயிண்ட் ஒரு நாக்கு மாதிரி நீண்டு நீண்டு போய் கண்ணாடியை மூடுறதைப் பார்க்கவே அழகா இருக்கும். முழுக்க மூடினதும் வாய் கீழ இருக்கிற மாதிரி டீ கப் மேல கவுத்து வைங்க, மிச்சம் வடியட்டும். நிறைய பேரு இங்கதான் அவசரப்படுறாங்க, நானும் மொத தடவை ராத்திரியே மூடியைப் போட்டுட்டேன், உள்ள ஈரம் நின்னு காலையில பெயிண்ட் எல்லாம் தோல் உரிஞ்ச மாதிரி அடியில சுருண்டு கிடந்துச்சு. நம்ம டிசம்பர் மழை ஈரத்துக்கு ரெண்டு நாள் முழுசா விடுங்க.

கடையில இருக்கிற மாதிரி பழங்கால லுக் வேணும்னா, வெள்ளி கூடவே ரெண்டு சொட்டு காப்பர் கலர் விட்டு உருட்டுங்க, கோடு கோடா பிரிஞ்சு வரும். மொத்த ட்ரீக்கும் ரெண்டே கலர்னு வச்சுக்கிட்டா இன்னும் ரிச்சா தெரியும். இன்னொண்ணு, நம்ம ஊர்ல சவுக்குக் கிளையை ட்ரீயா வைக்கிறவங்க நிறைய பேரு, அது கண்ணாடி கனம் தாங்காம வளைஞ்சிடும், அவங்க பிளாஸ்டிக் பால்லயே இதைப் பண்ணுங்க.

கேள்வி: பழைய பட்டுப்புடவை பார்டர் சும்மா கிடக்கு. தெர்மாகோல் உருண்டை மேல ஒட்டலாம்னு ஸ்ப்ரே கோல்டு அடிச்சா உருண்டையே குழி குழியா கரைஞ்சிடுச்சே!
– வாசகி, தூத்துக்குடி

பதில்: ஸ்ப்ரே பெயிண்ட்ல இருக்கிற சால்வென்ட் தெர்மாகோலைத் தின்னுடும், அதான். உங்களுக்கு பெயிண்டும் வேணாம் பசையும் வேணாம். உருண்டையில ஆரஞ்சுச் சுளை மாதிரி எட்டு கோடு பேனாவால போடுங்க. பேப்பர் கட்டரால கோட்டு மேல அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீறுங்க. ஒரு சுளையை விட கொஞ்சம் பெருசா பட்டுத்துணியை வெட்டி மேல வச்சு, ஓரத்தை நெயில் ஃபைலால அந்தக் கீறலுக்குள்ள தள்ளிக்கிட்டே வாங்க, துணி டிரம் மாதிரி விறைப்பா உக்காந்துக்கும். மொதல்ல நடுவுல தள்ளிட்டு அப்புறம் ரெண்டு முனைக்கும் போனா சுருக்கம் விழாது. ஒரு சுளை ஜரிகை, அடுத்த சுளை பிளெய்ன்னு மாத்தி மாத்தி வைங்க. கீறல் மேல டெய்லர் கடை கோல்டு கயிறை ஓட்டி, மேலயும் கீழயும் முத்து கோத்த குண்டூசியைக் குத்தினா வேலை முடிஞ்சுது. போன வருஷம் எங்க அம்மாவோட அரக்கு முகூர்த்தப் புடவை, மடிப்புல கிழிஞ்சு போனது, அதுல ஆறு பண்ணேன். அம்மா ஒவ்வொண்ணா எடுத்து அந்த ஜரிகையைத் தடவித் தடவிப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

கேள்வி: ஃபியூஸ் போன சிஎஃப்எல் பல்புல இந்த மாதிரி பெயிண்ட் வேலை பண்ணலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: வேண்டவே வேண்டாம்ங்க, அதுக்குள்ள பாதரசம் இருக்கு, குழந்தைங்க நடமாடுற இடத்துல உடைஞ்சா ஆபத்து. பழைய குண்டு பல்பு இருந்தா தாராளமா பண்ணுங்க, ஆனா அதுக்கு உள்ள ஊத்த வழி கிடையாது, வெளியில எனாமல் பெயிண்ட்தான்.