ஏஐயே கோட் எழுதும்போது பைதான் எதற்கு?

கேள்வி: என் மகள் ஈரோட்டில் பி.காம். சி.ஏ. இறுதியாண்டு படிக்கிறாள். ஐ.டி. வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். இங்குள்ள ஒரு பயிற்சி மையத்தில், "இனி ஏஐதான் கோட் எழுதும். பைதான், ஜாவா படிப்பதெல்லாம் வீண். எங்கள் நான்கு மாத ஏஐ டெவலப்பர் கோர்ஸ் போதும், வேலைக்கு நாங்கள் கேரண்டி" என்கிறார்கள். கட்டணம் 70,000 ரூபாய், தவணையில் கட்டலாமாம். 5,000 ரூபாய் முன்பணமும் ஆதார், பான் நகலும் கொடுத்துவிட்டோம். கம்ப்யூட்டர் மொழி தேவையே இல்லை என்பது உண்மையா?

பதில்: அவர்கள் சொல்வதில் கால்வாசி உண்மை. அந்தக் கால்வாசியைக் காட்டித்தான் மீதி முக்காலையும் விற்கிறார்கள்.

கோட், அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளைகளை எழுதும் வேலை மலிந்துவிட்டது நிஜம். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முன்பு நாங்கள் கொடுத்துப் பழக்கிய சின்னச் சின்ன வேலைகளை இப்போது ஏஐ நிமிடத்தில் எழுதித் தள்ளுகிறது. கமா எங்கே, அடைப்புக்குறி எங்கே என்று மனப்பாடம் செய்த காலம் போய்விட்டது. ஆனால் எழுதியதைப் படித்துப் பார்த்து, "சரி, அனுப்பலாம்" என்று பொறுப்பேற்க ஒரு ஆள் வேண்டும். தப்பு நடந்தால் வாடிக்கையாளர் ஏஐயைக் கூப்பிட்டுத் திட்டமாட்டார். சம்பளம் அந்த ஆளுக்குத்தான்.

உங்கள் மகள் காமர்ஸ் மாணவி. அவளுக்கே புரிகிற உதாரணம் ஒன்று. வரித்தொகையை முழு ரூபாயாக்கும் கோட் வேண்டும் என்று ஏஐயிடம் கேட்டால், பைதானில் இருக்கும் 'ரவுண்ட்' கட்டளையைப் போட்டுத் தர வாய்ப்பு அதிகம். 1,243 ரூபாய் 50 காசைக் கொடுத்துப் பாருங்கள், 1,244 என்று வரும். சரிதான். 1,242 ரூபாய் 50 காசைக் கொடுங்கள். 1,242 என்றே நிற்கும்! சரியாகப் பாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளுவது பைதானின் விதி. மத்திய ஜிஎஸ்டி (சிஜிஎஸ்டி) சட்டத்தின் 170ஆம் பிரிவோ, 50 காசும் அதற்கு மேலும் இருந்தால் முழு ரூபாயாக்கு என்கிறது. எக்செல்லில் போட்டாலும் 1,243தான் வரும். ஆக, ஒரு பில்லில் சரி, அடுத்த பில்லில் ஒரு ரூபாய் குறைவு. திரையில் எச்சரிக்கை எதுவும் வராது. மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும்போது ஆடிட்டர்தான் தலையைப் பிய்த்துக்கொள்வார். சட்டமும் தெரிந்து பைதானும் தெரிந்த பெண் நேராக அந்த ஒரு வரியில் விரலை வைப்பாள். அப்புறம் திருத்தி எழுதும் வேலையை ஏஐயிடமே விடட்டும், யார் வேண்டாம் என்றது?

"இனி மனிதர் கோட் எழுத வேண்டாம்" என்பது புதிய பேச்சும் இல்லை. ஃபோர்ட்ரான் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழிக்காக ஐபிஎம் 1954ல் வெளியிட்ட முன்னறிக்கையிலேயே, கோட் எழுதுவதும் பிழை தேடுவதும் ஏறக்குறைய ஒழிந்துவிடும் என்று இருக்கிறது. 2024ல் துபாயில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், யாருமே புரோகிராம் எழுதத் தேவையில்லாத நிலையைக் கொண்டுவருவதுதான் எங்கள் வேலை என்று பேசினார். அவர் சிப் விற்கிறவர், அப்படித்தான் பேசுவார்.

ஒரு விலக்கு மட்டும் உண்டு. தன் உபயோகத்துக்கு மட்டும் ஏதாவது செய்துகொள்கிறவருக்கு மொழி வேண்டாம். ஜவுளிக்கடை ஸ்டாக்கை எக்செல்லில் பிரித்துக்கொள்ள, கல்யாணப் போட்டோக்களைத் தேதி வாரியாக அடுக்க, ஏஐயிடம் தமிழிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தப்பாகிப்போனால் அவருக்குத்தான் நஷ்டம், அழித்துவிட்டு மறுபடி கேட்கலாம். ஆனால் அதே ஜவுளிக்கடைக்காரர் வாடிக்கையாளர்களின் போன் நம்பரையும் கடன் பாக்கியையும் அதில் ஏற்றி, ஆன்லைனில் போட்டாரானால் இந்த விலக்கு அந்த நிமிடமே செல்லாது. கடை ஊழியர் இரண்டு பேர் மட்டும் பார்ப்பது என்றாலும் செல்லாது, அடுத்தவர் பணமும் விவரமும் உள்ளே வந்துவிட்டதே! ஏஐ எழுதித் தருவதைப் படித்துப் பார்க்காமல் அப்படியே ஏற்பதற்கு 'வைப் கோடிங்' என்ற பெயரை 2025 பிப்ரவரியில் வைத்த ஏஐ ஆராய்ச்சியாளர் ஆந்த்ரே கர்பதியே, வார இறுதியில் விளையாட்டாகச் செய்து தூக்கிப்போடும் வேலைக்கு அது பரவாயில்லை என்றுதான் எழுதினார். பெயரை நோட்டீஸில் பெரிதாகப் போடுகிற பயிற்சி மையங்கள் அந்த வரியை விட்டுவிடுகின்றன. உங்கள் மகள் சம்பளத்துக்குப் போகிறவள். இந்த விலக்கு அவளுக்குப் பொருந்தாது.

எனவே ஒரே ஒரு மொழி, பைதான் போதும். கூடவே டேட்டாபேஸுக்கான எஸ்.க்யூ.எல். ஒழுங்காகப் படித்தால் ஆறு மாதத்தில் அடுத்தவர் எழுதிய கோட் வரிகளைப் படித்துக் கேள்வி கேட்கும் அளவுக்கு வந்துவிடுவாள். காசு செலவில்லை. பிளஸ் டூவில் அவள் கணினிப் பயன்பாடுகள் எடுத்திருந்தால் பைதான் வந்திருக்காது. கணினி அறிவியல் பாடநூலில் இருக்கிறது, அரசு அதை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. அதன் பிறகு ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையவழிப் பாடத்தளமான என்.பி.டி.இ.எல்.லில் சென்னை கணிதவியல் கழகத்துப் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும் பைதான் பாடம். பார்ப்பது இலவசம், தேர்வு எழுதினால்தான் கட்டணம்.

கல்லூரியில் கற்றுத்தர மாட்டார்களா என்று கேட்பீர்கள். எத்தனையோ லேப்களில் இன்னும் டர்போ சி என்ற அந்தக் காலத்து மென்பொருளின் நீலத் திரைதான். புரோகிராமை ரெக்கார்டு நோட்டில் கையால் எழுதி, அவுட்புட்டைப் பென்சிலில் வரைந்து கையெழுத்து வாங்க வேண்டும். இப்படி ஆறு செமஸ்டர் ஓட்டிவிட்டுப் பிள்ளைகளைத் தெருவில் விட்டால், நோட்டீஸ் கொடுக்கிறவன் பின்னால் போகாமல் என்ன செய்வார்கள்?

இப்போது உங்கள் 70,000. எனக்குப் பயம் இதில்தான். தவணை என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனத்தின் கடன். மையத்துக்குப் பணம் மொத்தமாகப் போய்விடும், கடன் உங்கள் பெயரிலோ மகள் பெயரிலோ நிற்கும். மையம் பூட்டினாலும் மாதாமாதம் பிடித்தம் வரும். கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் மதிப்பெண், அடிவாங்கும். "டெமோ கிளாஸுக்குப் பதிவு செய்கிறோம்" என்று ஓடிபி கேட்டால் சொல்லாதீர்கள், பல வீடுகளில் கடன் ஏறுவதே அந்த ஓடிபியில்தான். கேரண்டி என்றால், வேலை கிடைக்காவிட்டால் எத்தனை நாளில் எவ்வளவு திருப்பித் தருவீர்கள் என்று லெட்டர்பேடில் கேளுங்கள். பேச்சு உடனே "உதவி செய்வோம்" என்று இறங்கும். அனுபவச் சான்றிதழ் தயார் செய்து தருகிறோம், பின்வாசல் வழியாகச் சேர்த்துவிடுகிறோம் என்பார்கள் சிலர். சேர்ந்த பிறகு விசாரணையில் மாட்டினால் வேலையும் போய்விடும், பெயரும் கெட்டுவிடும்.

ஆதார், பான் ஏற்கெனவே கைமாறிவிட்டதால், மகளுடையதும் உங்களுடையதுமான சிபில் அறிக்கையை இன்றே எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். ஆனால் புதிய கடன் அதில் ஏறச் சில வாரம் ஆகலாம், அதனால் அடுத்த மாதமும் ஒருமுறை பாருங்கள். கடன் ஏறியிருந்தால் நிதி நிறுவனத்திடம் கடன் நிபந்தனைகளைச் சுருக்கிச் சொல்லும் முக்கிய விவர அறிக்கையை (கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்) கேளுங்கள். அபராதமில்லாமல் விலக எத்தனை நாள் என்று அதில் இருக்கும். அந்தக் கெடுவுக்குள் மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், போனில் பேசி முடிக்காதீர்கள். வங்கியில் ஆட்டோ டெபிட்டை மட்டும் நிறுத்தினால் கடன் ரத்தாகாது, பாக்கிதான் ஏறும். நிதி நிறுவனம் 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், தகவலுக்கு 14448. மையத்திடம் கொடுத்த 5,000 ரூபாய்க்கு ரசீது இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் செய்யுங்கள். ரசீது தரவில்லை என்றால் முதலில் அதைக் கேட்டு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுங்கள், அவர்கள் பதில் எழுதினால் அதுவும் ஒரு சாட்சி.