இல்லி பா

அன்புள்ள அக்கா,

சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறேன். நாய் வளர்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. குட்டி தேடிக்கொண்டு ஒரு காப்பகத்துக்குப் போனபோது, அங்கே ஒன்பது வயது லாப்ரடார் கலப்புப் பெண் நாய் ஒன்றைப் பார்த்தேன். வளர்த்தவர்கள் வீட்டைக் காலி செய்தபோது அங்கே விட்டுவிட்டுப் போனார்களாம். ஒன்றரை வருடமாக அங்கேதான் கிடக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அன்றிலிருந்து எனக்கு அதன் நினைப்புத்தான். அம்மாவிடம் சொன்னால், "சாகப்போறதக் கூட்டியாந்து வச்சு அழுவணுமாடா?" என்கிறார். வயதான நாய் புது ஆளோடு ஒட்டாது, ஆஸ்பத்திரிச் செலவுதான் மிஞ்சும் என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் ஏற்காட்டில் அப்படி ஒரு நாயை வளர்த்ததாக எழுதியிருந்தீர்கள். எனக்கு என்ன சொல்வீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

ஒட்டாது என்கிறவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு வந்தவளுக்கு அப்போது பத்து வயது இருக்கும். சேலம் குகை வட்டாரத்தில் தெருவில் கிடந்தவளை யாரோ காப்பகத்தில் சேர்த்திருந்தார்கள். கழுத்தைச் சுற்றிப் பட்டை போட்டிருந்த தடம், முடி தேய்ந்து வளையமாகத் தெரிந்தது. வீட்டில் வளர்ந்த நாய்தான். பெயர் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, இரண்டு தடவை வாந்தியெடுத்து, மலைக்கு வந்து சேர்ந்தாள். வந்தவள் நிலைப்படியைத் தாண்டவில்லை. திண்ணையின் கோடியில் சுருண்டுகொண்டாள். நாங்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் காதுகூட அசையாது. சோற்றை வைத்துவிட்டு நாங்கள் உள்ளே போன பிறகுதான் தட்டுக்குப் பக்கத்தில் வருவாள். காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

பதினோராம் நாள் என் தோழி ஒருத்தி மலைக்கு வந்தாள். குகையில் தறிக்காரக் குடும்பம்; வீட்டில் பேசுவது கன்னடம். முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்த தன் பையனை "இல்லி பா" என்று அதட்டினாள். இங்கே வா என்று அர்த்தம். திண்ணையில் கிடந்தவள் விலுக்கென்று தலையைத் தூக்கினாள். தோழி என்னைப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்து, நாயைப் பார்த்தே இன்னொரு தடவை சொன்னாள். எழுந்து நின்றாள். பின்னங்கால் இரண்டும் நடுங்கின. நிலைப்படி வரை வந்து நின்று, எங்கள் முகங்களைப் பார்த்து, முன்னங்காலை உள்ளே எடுத்து வைத்தாள். பிறகு நேரே போய்த் தோழியின் முந்தானையில் மூக்கைப் புதைத்துக்கொண்டாள்.

பத்து வருடம் ஒரு வீட்டுப் பேச்சைக் கேட்டு வளர்ந்த உயிர் அது. பதினோரு நாளும் பழகத் தெரியாமல் இருந்தது நாங்கள்தான். அன்றைக்கே தோழியிடம் "ஊட்டா", "கூத்கோ" என்று சாப்பாட்டுக்கும் உட்காருவதற்கும் சொல் கற்றுக்கொண்டோம்.

உங்களுக்கு அந்தச் சிரமம் இருக்காது. விட்டுப் போனவர்கள் சொன்ன பெயர் காப்பகத்தில் தெரிந்திருக்கும். அது எவ்வளவு பழைய பெயராக இருந்தாலும் மாற்றாதீர்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டு. ஆநிரைச் சண்டையில் மாண்ட வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றதாம். ஊருக்காக நின்ற நாயைப் பெயர் சொல்லி நினைக்க வேண்டும் என்று நம் ஆட்களுக்கு அன்றைக்கே தோன்றியிருக்கிறது. வீடு மாற்றும்போது பழைய பாயோடு நாயையும் விட்டுவிட்டுப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

மீட்புப் பணியில் இருப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதலில் மிரட்சி, பிறகு வீட்டு நடைமுறை பிடிபடுவது, கடைசியில் இது நம் வீடு என்ற நினைப்பு. சுமாரான கணக்குதான், ஆனாலும் முதல் வாரத்தில் மனம் விட்டுப்போகாமல் இருக்க உதவும். அந்த வாரம் சொந்தக்காரர்களை வரவழைத்துக் காட்டாதீர்கள். குளிப்பாட்டாதீர்கள். காப்பகத்தில் சாப்பிட்டதையே கொடுங்கள். மாற்றுவதானால் கொஞ்சம் கொஞ்சமாக.

செலவைப் பற்றி. செலவு உண்டுதான்; இல்லை என்று சொல்லமாட்டேன். கூட்டிவரும் முன்பே கால்நடை மருத்துவரிடம் காட்டி, ரத்தப் பரிசோதனை செய்து சிறுநீரகம், கல்லீரல், உண்ணிக் காய்ச்சல் மூன்றையும் பார்த்துவிடுங்கள். கருத்தடை ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். ஆகாத பெண் நாய்க்கு இந்த வயதில் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து உண்டு. ஒன்பது வயது என்பதும் மதிப்பீடாக இருக்கலாம். நாய்க்கு ஏழு மாதத்துக்குள் நிலைப்பல் எல்லாம் முளைத்துவிடும், அதற்கு மேல் தேய்மானத்தையும் காரையையும் பார்த்துச் சொல்வதுதான். கண்ணில் நீலம் பாய்ந்த மாதிரி தெரிந்தால் உடனே புரை என்று பயப்பட வேண்டாம், வயதானால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் அப்படி மங்கும். அதையும் மருத்துவரே பார்த்துச் சொல்லட்டும். திடீரென்று தண்ணீர் அதிகம் குடித்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மூட்டு வலிக்கு நாம் போடும் பாரசிட்டமால், புரூபன் எதையும் கொடுத்துவிடாதீர்கள், அதற்கு விஷம்.

உங்கள் வீட்டில் டைல்ஸ் தரையா? வயதான நாய்க்கு அது வழுக்குப் பாறை. படுக்குமிடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை கோணிச் சாக்கை விரித்துவிடுங்கள். சேலத்து வெயிலில் காலை ஏழு மணிக்கு முன்பே நடக்கக் கூட்டிப்போய்விடுங்கள். தார் ரோடு உங்கள் புறங்கையைச் சுட்டால் அதன் பாதத்தையும் சுடும்.

இனி அம்மா. அவர் சொன்னதில் கல்நெஞ்சம் எதுவும் இல்லை தம்பி. அழப்போவது தானும்தான் என்று தெரிந்துதான் சொல்கிறார். பகலெல்லாம் அந்த நாயோடு வீட்டில் இருக்கப்போகிறவரும் அவர்தான். அதனால் அவரைக் கேட்காமல் கூட்டிவந்துவிடாதீர்கள். ஒருநாள் காப்பகத்துக்கு அழைத்துப் போங்கள். பேச வேண்டாம், பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். இரண்டு மூன்று தடவை போன பிறகும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், ஒரு தடவை வீடிழந்த நாயை மறுபடி கொண்டுபோய் விடுவது மாதிரிக் கொடுமை இல்லை.

எங்களவள் எங்களோடு இரண்டு வருடமும் இரண்டு மாதமும் இருந்தாள். சிறுநீரகம் போய்விட்டது. கடைசி நாலு நாள் திண்ணைக்குப் போகவே மாட்டேன் என்று என் கட்டிலுக்குக் கீழேயே கிடந்தாள். காப்பிச் செடிக்கு நடுவே ஒரு சில்வர் ஓக் அடியில் புதைத்தோம். அழுதேன், இதை எழுதும்போதும் அழுகிறேன். ஆனால் அவள் அந்த நிலைப்படியைத் தாண்டி வந்ததைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. இதை அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள்.

அம்மா சரி என்றால், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவும் வேட்டுச் சத்தமும் அடங்கிய பிறகு கூட்டிவாருங்கள். வரும்போது அங்கே அது படுத்திருந்த பழைய துணியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். துவைத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா