ட்ரெட்மில் பெல்ட் வழுக்கினால் முதலில் சிலிகான் எண்ணெய், பிறகுதான் போல்ட்

கேள்வி: ட்ரெட்மில் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. கால் ஊன்றும்போது பெல்ட் ஒரு நொடி நின்று வழுக்குகிறது, வலது பக்கமாகவும் ஒதுங்குகிறது. பின்னால் உள்ள போல்ட்டை இறுக்கிப் பார்த்தும் சரியாகவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இனிமேல் இறுக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, பெல்ட்டின் நடுப்பகுதியை ஓரத்தில் பிடித்துத் தூக்குங்கள். வீட்டு மெஷின்களில் பொதுவாக 5 முதல் 7 செ.மீ. வரை எழும்ப வேண்டும். அவ்வளவு எழும்பவில்லை என்றால் இறுக்கம் அதிகம். இரண்டு போல்ட்டையும் ஒரே அளவு தளர்த்துங்கள். இறுக்கமாகவே ஓட்டினால் ரோலர் பேரிங் கெடும், மோட்டாரும் சூடாகும்.

அடுத்து பெல்ட்டுக்கு அடியில் கையை விட்டுப் பலகையைத் தடவுங்கள். கை காய்ந்தே வந்தால் வழுக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். காய்ந்த பலகையில் உங்கள் எடை அழுத்தும்போது பெல்ட் ஒட்டிப் பிடிக்கும். முன் ரோலர் மட்டும் சுற்றும். கலப்படமில்லாத சிலிகான் எண்ணெய் 15 முதல் 30 மி.லி. வரை, கால் படும் நடுப்பகுதியில் விடுங்கள். 5 நிமிடம் மெதுவாக நடந்தால் பரவிவிடும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் கூடாது. பெல்ட் கெடும், தூசியும் அப்பிக்கொள்ளும்.

இதற்குப் பிறகும் வழுக்கினால்தான் போல்ட். இரண்டையும் கால் சுற்று மட்டும் இறுக்கி, நடந்து பாருங்கள். அப்போது முன் ரோலரும் சேர்ந்து நின்றால், தளர்ந்திருப்பது உள்ளே மோட்டாரோடு இணைந்த சிறிய பெல்ட். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

ஒதுங்குவதைச் சரிசெய்யும் முன் தரை மட்டமா என்று பாருங்கள். பால்கனித் தரை தண்ணீர் வடிய சரிவாகத்தான் இருக்கும். அங்கே எத்தனை முறை திருப்பினாலும் பெல்ட் மறுபடி ஒதுங்கும். மட்டமான இடத்தில், யாரும் ஏறாமல் 5 கி.மீ. வேகத்தில் ஓடவிடுங்கள். பின்னால் நின்று பார்க்கும்போது வலப்பக்கம் ஒதுங்கினால், வலது போல்ட்டைக் கடிகாரச் சுற்றில் கால் சுற்று திருப்பிவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். பெல்ட் நகர நேரம் எடுக்கும். அவசரப்பட்டு மறுபடி திருப்பினால் எதிர்ப்பக்கம் போய்விடும். ஓடும் ரோலருக்கு அருகே கையோ துணியோ போகக் கூடாது. குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள்.