கொலஸ்ட்ரால் இயல்பாக இருந்தும் மாரடைப்பு ஏன்?

கேள்வி: என் அக்காவுக்கு வயது 52. பன்னிரண்டு ஆண்டுகளாக முடக்குவாதத்தால் அவதிப்படுகிறார். சர்க்கரை நோய் இல்லை, கொலஸ்ட்ரால் இயல்பு, சென்ற ஆண்டு எடுத்த டிரெட்மில் சோதனையிலும் குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் போன மாதம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். மூட்டு நோயின் அழற்சியும் இதற்குக் காரணம் என்கிறார் டாக்டர். மூட்டில் இருக்கும் வீக்கம் இதயத்தின் குழாயை எப்படி அடைக்கும்?
– வாசகி, தாராபுரம்

பதில்: டாக்டர் சொன்னது சரியே. தண்ணீர்க் குழாயில் உப்புப் படிவதைப் போல ரத்தக் குழாயில் கொழுப்புப் படிகிறது என்றே பலரும் எண்ணுகிறோம். ஆனால் தமனி உயிருள்ள திசு. அடைப்பு உருவாவது அதன் சுவருக்குள்ளே. உட்சுவரின் மெல்லிய செல் அடுக்கைக் கடந்து நுழையும், கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். கொழுப்புத் துகள்கள் அங்கே தங்கி வேதிமாற்றம் அடையும்போது, உடல் அவற்றை வேண்டாத பொருளாகக் கருதி வெள்ளணுக்களை அனுப்புகிறது. இந்த எதிர்ப்பு வினையே அழற்சி. அப்படி வந்த வெள்ளணுக்கள் கொழுப்பை விழுங்கி, அதைச் செரிக்கவோ வெளியேற்றவோ இயலாமல் ஊதி, நுரை செல்களாகி அங்கேயே மடிகின்றன. சுத்தம் செய்ய வந்தவையே குப்பையாகக் குவிவதுதான் இந்த நோயின் துயரம்.

இந்தக் குவியலை நார்ப்பொருளாலான ஒரு மூடி போர்த்தியிருக்கும். டி செல்கள் எனப்படும் எதிர்ப்புச் செல்கள் சுரக்கும் பொருள்கள் புதிய நார் உருவாவதைத் தடுக்க, விழுங்கும் செல்களின் நொதிகள் இருக்கும் நாரையும் அரிக்கின்றன. மூடி கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து சில நிமிடங்களிலேயே குழாய் அடைபடலாம். குழாயைப் பெரிதாகக் குறுக்காத சிறு படிவுகூட இப்படி வெடிக்கும் என்பதால், டிரெட்மில் சோதனை நன்றாக இருந்தவருக்கும் மாரடைப்பு வருவதுண்டு.

முடக்குவாதத்தில் மூட்டுச் சவ்விலிருந்து டி.என்.எஃப்., இன்டர்லியூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கின்றன. அவை தமனியின் உட்பரப்பில் வெள்ளணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும்படி செய்கின்றன. முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இதய நோய் ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று கணக்கிடப்படுகிறது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: அழற்சி தீவிரமாக இருக்கும்போது ரத்தத்தில் கொலஸ்ட்ரால் அளவு குறைந்து காணப்படும். ஆகவே அக்காவின் இயல்பான ரிப்போர்ட் ஆபத்தே இல்லை என்பதற்குச் சான்றாகாது.

அழற்சியின் பங்கை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ சுட்டிக்காட்டினார். மனிதர்களிடம் வலுவான சான்று கிடைத்தது 2017-இல்தான். முன்பே மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் நடந்த கான்டோஸ் ஆய்வில், கானகினுமாப் என்ற ஊசி மருந்து எல்.டி.எல். அளவைக் குறைக்காமல், அழற்சியை மட்டும் தணித்தே, மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றை மொத்தத்தில் சுமார் 15 சதவீதம் குறைத்தது. ஆனால் உயிர்பறிக்கும் தொற்றுகள் சற்றுக் கூடின. எதிர்ப்பாற்றலைத் தணிப்பதற்கு அப்படியொரு விலை உண்டு.

இதனால் கொலஸ்ட்ரால் குற்றமற்றது என்று ஆகிவிடாது. எல்.டி.எல். இல்லாமல் அழற்சி என்னும் அந்தத் தீ தமனியில் பற்றுவதில்லை. எனவே அளவு இயல்பு என்று, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மூட்டு மருத்துவரும் இதய மருத்துவரும் ஒருவர் எழுதும் மருந்தை மற்றவர் அறிந்திருக்க வேண்டும். கடையில் தாமாக வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் மாரடைப்பு ஆபத்தைக் கூட்டுபவை; அக்கா அவற்றைத் தவிர்க்கட்டும்.

கேள்வி: எங்கள் பகுதியில் விளையும் கண்வலிக்கிழங்கு விதையிலிருந்து எடுக்கும் மருந்து இதற்குப் பயன்படும் என்கிறார்களே?
– அதே வாசகி

பதில்: உண்மைதான். கண்வலிக்கிழங்கு எனப்படும் செங்காந்தளின் விதையிலுள்ள கோல்சிசின் அழற்சியைத் தணிக்கும். தினமும் 0.5 மில்லிகிராம் கொடுத்த 2019, 2020 ஆய்வுகளில் நல்ல பலன் தெரிந்தது. 2023-இல் அமெரிக்கா இதய நோய்க்கு அனுமதியும் அளித்தது. ஆனால் மாரடைப்பு வந்தவுடன் கொடுத்துப் பார்த்த 2024-ஆம் ஆண்டின் பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. ஆகவே யாருக்குத் தேவை என்பதை, சிறுநீரகத்தின் நிலையையும் பார்த்து, இதய மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. வீட்டில் விதையையோ கிழங்கையோ கஷாயமாக்கினால் உயிரே போகும்.