ஹாம்பர்க் குட்டி ரயில் உலகத்துக்குப் பிள்ளைகளோடு: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

விழுப்புரம் ரயில்வே காலனியில் வளர்ந்தவள் நான். அப்பா ரயிலில் கார்டு. கல்யாணமாகி ஹாம்பர்க் வந்து பதினாறு வருஷமாகிறது. வீட்டு நிலவறையில் எச்-ஓ அளவில், அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்காக, ஒரு குட்டி ரயில் பாதை ஓடுகிறது, பாதி என்னுடையது, பாதி பிள்ளைகளுடையது. இந்த ஊர்க் குட்டி ரயில் காட்சிக்கூடமான மினியட்டூர் வுண்டர்லாண்டுக்கு எத்தனை தடவை போயிருக்கிறேன் என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். விடுமுறைக்கு வரப்போகிற பலர் தனித்தனியாகக் கேட்டதால் இன்று மதியம் முழுக்க இதற்குத்தான். சின்னப் பிள்ளைகளோடு போவது பற்றி மட்டும் கேளுங்கள்.

பெங்களூர் அப்பா: மகளுக்கு மூன்றரை வயது. இவ்வளவு சின்னக் குழந்தைக்கு அங்கே என்ன புரியும்? காசு வீண்தானே?

அவள் ஒரு மீட்டர் உயரத்துக்குக் கீழே இருந்தால் அவளுக்கு டிக்கெட்டே கிடையாது. அங்கே வயதுக் கணக்கு இல்லை, உயரக் கணக்கு.

புரியுமா என்றால், உங்களுக்குப் புரிகிறது அவளுக்குப் புரியாது, அவளுக்குப் புரிகிறது உங்களுக்குப் புரியாது. நீங்கள் 16 கிலோமீட்டர் தண்டவாளத்தையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ரயில்களையும் பார்க்க வருகிறீர்கள். அவள் ஒரு மாட்டைப் பார்க்க வருகிறாள். எந்த மாடு என்று போனால்தான் தெரியும். இரண்டரை லட்சத்துக்கு மேல் குட்டி மனிதர்கள் நிற்கிறார்கள், அதில் யாரோ ஒரு துணி காயப்போடுகிற அம்மாவிடம் அவள் பத்து நிமிஷம் நின்றுவிடுவாள். இழுக்காதீர்கள்.

அளவு 1:87. நிஜ மனிதன் அங்கே இரண்டு சென்டிமீட்டர். அந்தக் கணக்கில் உங்கள் ஒரு மீட்டர் மகள் அந்த ஊருக்கு 87 மீட்டர் உயரம். ஸ்ரீரங்கம் ராஜகோபுரமே 72 மீட்டர்தான். இதை அவளிடம் சொல்லிப் பாருங்கள், நடையே மாறிவிடும். என் சின்னவனிடம் சொல்லிவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதாகிவிட்டது.

இரண்டு மணி நேரம் போதும். பெரியவர்கள் நாலு மணி நேரம் நிற்பார்கள், மூன்றரை வயது நிற்காது. முதல் பகுதியிலேயே ஒரு மணி நேரத்தைக் கரைத்துவிடாதீர்கள். எல்லாரும் செய்கிற தவறு இதுதான்.

சென்னை அம்மா: ஸ்ட்ரோலர் கொண்டுபோகலாமா?

லிஃப்ட் உண்டு. ஆனால் அது பழைய கிடங்குக் கட்டடம், நடைவழிகளில் மூன்று வரிசை ஆட்கள் நிற்பார்கள், ஸ்ட்ரோலரில் உட்கார்ந்த குழந்தைக்குத் தெரிவது மற்றவர்களின் முழங்கால் மட்டும். கைக்குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளுங்கள்.

டோர்ட்முண்டிலிருந்து: அக்கா, எங்கட மகனுக்கு ஆறு வயசு. திடீர்ச் சத்தமும் இருட்டும் அவனுக்கு ஒத்துவராது, சரியாப் பயந்துபோவான். அவனுக்கோ ரெயில் எண்டால் உயிர். கூட்டிக்கொண்டு போகலாமோ?

போகலாம் தம்பி, ஆனால் தயார்ப்படுத்திக் கூட்டிப்போங்கள். அங்கே ஒரு நாள் என்பது 15 நிமிஷம். கூரை விளக்குகள் மெல்ல மங்கி, நீலமாகி, ராத்திரியாகும். அப்போது வீடுகளிலும் தெருக்களிலும் ரயில் ஜன்னல்களிலும் விளக்குகள் எரியத் தொடங்கும். சட்டென்று அணையாது, சாயங்காலம் மாதிரித்தான் வரும். கும்மிருட்டும் ஆகாது. வீட்டிலேயே அவனிடம் "இப்போ பொழுது சாயுது, கொஞ்ச நேரத்தில விடியும்" என்று விளையாட்டாக நாலு நாள் செய்து காட்டுங்கள். அங்கே போனதும் முதல் ராத்திரி வரும்போது பக்கத்தில் குனிந்து அதையே சொல்லுங்கள். இரண்டாவது ராத்திரியை அவனே அறிவிப்பான்.

சத்தம்தான் கொஞ்சம் சிக்கல். ரயில் சத்தம் அதிகமில்லை, மனிதச் சத்தம் அதிகம். காதை மூடும் ஹெட்போன் எடுத்துப் போங்கள். டிக்கெட்டை நேரம் குறித்து முன்பதிவு செய்ய முடியும், அன்றைக்குத் திறக்கிற முதல் நேரத்தையே எடுங்கள், பள்ளி விடுமுறை நாளைத் தவிருங்கள். முன்பதிவு இல்லாமல் விடுமுறை நாளில் போனால் வெளியே காத்திருக்க வேண்டிவரும், இந்த மாதிரிப் பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பே பாதி நாளைத் தின்றுவிடும்.

இத்தாலிப் பகுதியில் வெசூவியஸ் எரிமலை சிவந்து வெடிப்பதாக ஒரு காட்சி உண்டு. அதைத் தூரத்திலிருந்து முதலில் காட்டுங்கள். ஸ்காண்டிநேவியாப் பகுதி அவனுக்குப் பிடிக்கலாம்: 30,000 லிட்டர் நிஜத் தண்ணீர், அதில் கப்பல் மெதுவாக நகரும், நீர்மட்டம் ஏறி இறங்கும். என் பெரியவன் களைத்துப்போனால் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துவேன்.

கோயம்புத்தூர்க்காரர்: ஷெங்கன் விசா எத்தனை நாளில்…

தூதரகம். அடுத்து.

ஜூரிக் அம்மா: நேரம் கொஞ்சம்தான் இருக்கு. 5 வயசும் 7 வயசும். மூன்று இடம் மட்டும் சொல்லுங்கோ.

முதலில் அங்குள்ள குட்டி விமான நிலையம். 2011இல் திறந்தார்கள், கட்டி முடிக்க ஆறு வருஷம், 35 லட்சம் யூரோ. விமானம் ஓடுதளத்தில் உருண்டு, வேகமெடுத்து, நிஜமாகவே மூக்கைத் தூக்கி எழும்பி, சுவருக்குள் மறையும். எப்படி என்று உங்கள் ஏழு வயது கேட்டால், கீழேயிருந்து மெல்லிய கம்பிகள் தாங்கிப் போகின்றன என்று சொல்லிவிடுங்கள். ரகசியம் தெரிந்தபிறகு இன்னும் கூர்ந்து பார்ப்பார்கள்.

இரண்டாவது க்னுஃபிங்கன். இல்லாத ஊர், அவர்களே வைத்த பெயர். அங்கே கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எங்காவது தீப்பிடிக்கும், தீயணைப்பு வண்டிகள் நீல விளக்கோடு நிலையத்திலிருந்து கிளம்பும். வண்டி தானாக எப்படித் திரும்புகிறது என்றால், தெருவுக்கு அடியில் கம்பி பதித்திருக்கிறது, வண்டியின் முன்சக்கரத்தோடு ஒரு காந்தம் சேர்ந்திருக்கிறது, கம்பி வளைந்தால் சக்கரமும் வளையும். அடிப்படை அவ்வளவுதான். எந்த வண்டி எப்போது நிற்க வேண்டும், எது யாருக்கு வழிவிட வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது.

மூன்றாவது ஸ்விட்சர்லாந்து, நீங்கள் அங்கிருந்து வந்தாலும் சரி. மாட்டர்ஹார்ன் மலை ஆறு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மாடிகளை ஊடுருவி நிற்கிறது. அதைவிட முக்கியம், அங்கே ஒரு சாக்லேட் தொழிற்சாலை இருக்கிறது. பட்டனை அழுத்தினால் இயந்திரங்கள் ஓடி நிஜ சாக்லேட் ஒன்று வந்து விழும். மாட்டர்ஹார்னை உங்கள் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள்.

இந்த மாதிரி பட்டன்கள் மொத்தம் 200க்கு மேல். ஒரு தடவை அழுத்திவிட்டு அடுத்த பிள்ளைக்கு நகரச் சொல்லுங்கள். நம் ஆட்களிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, வருத்தம்தான்.

மதுரை: குழந்தை வண்டி உள்ளே விடுவார்களா?

மேலே பாருங்கள்.

சிங்கப்பூர் அப்பா: ரயில்கள் ஒன்றோடொன்று மோதாதா? என் மகள் கேட்கச் சொன்னாள்.

இன்றைக்கு வந்ததில் நல்ல கேள்வி இதுதான், மகளுக்கு என் வணக்கம். பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு துண்டுக்குப் பெயர் பிளாக். ஒரு பிளாக்கில் ஒரு வண்டிதான் இருக்கலாம். முன்னால் உள்ள பிளாக் காலியாகும்வரை பின்வண்டி காத்திருக்கும். என் அப்பா இரவு உணவில் அப்பளத்தைத் துண்டு போட்டு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே விதி. நிஜ ரயிலும் இப்படித்தான், வுண்டர்லாண்டில் இதைக் கம்ப்யூட்டர் செய்கிறது. கட்டுப்பாட்டு அறையைப் பார்வையாளர்களும் பார்க்கலாம், திரைகளுக்கு முன்னால் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

இதை நான் பிடிபட்டுக் கற்றுக்கொண்டேன். என் மகன் நாலு வயதில் கையை நீட்டி ஒரு சரக்குப் பெட்டியைத் தட்டிவிட்டான். நான் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன், தப்பு என்னுடையது. பெட்டி கவிழ்ந்தது, பின்னால் வந்த வண்டி நின்றது, அதற்குப் பின்னால் வந்ததும் நின்றது. ஒருவர் வந்து சிரித்தபடி தூக்கி வைத்துவிட்டுப் போனார். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. பல இடங்களில் கண்ணாடித் தடுப்பு கிடையாது. ஆகவே போனைப் பைக்குள் வையுங்கள், குழந்தையின் கையைப் பாருங்கள்.

அகலப்பாதை அபிமானி, திருச்சி: இதெல்லாம் சரி. ஆனால் பிள்ளைகளுக்குத் தப்பான அளவைக் காட்டுகிறோம் என்று யாரும் யோசிப்பதில்லை. மகனுக்கு இந்திய என்ஜின் மாதிரி ஒன்று வாங்கினேன். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மில்லிமீட்டர். நம்முடைய பிராட்கேஜ், அதாவது அகலப்பாதை, 1676. அதை 87ஆல் வகுத்துப் பாருங்கள்.

வகுத்தேன், 19.3 வருகிறது. ஐரோப்பிய அகலம் 1435ஐ வகுத்தால்தான் 16.5. நீங்கள் சொல்வது கணக்கில் சரி. கடையில் கிடைக்கும் தண்டவாளம் எல்லாம் 16.5 என்பதால் இந்திய மாதிரி செய்கிறவர்களும் அதிலேயே ஓட்டுகிறார்கள். இரண்டு கடுகு அகலம் வித்தியாசம். ஆறு வயதுப் பையன் அதற்காகத் தூக்கம் இழக்க மாட்டான்.

மறுபடி அவரே: கடுகுதானே என்று விட்டால் எதையும் விடலாம். முன்னாலிருந்து பார்த்தால் என்ஜின் மெல்லிய கால்மேல் நிற்கிற யானை மாதிரி இருக்கிறது.

லண்டன் தாத்தா, குறுக்கே: ஐயா, எங்கள் ஊர் ஓஓ அளவைப் பார்த்தால் என்ன சொல்வீர்கள்? வண்டி 1:76, பாதை அதே 16.5. கணக்குப் போட்டால் 1254 மில்லிமீட்டர், அப்படி ஒரு பாதை இந்த நாட்டில் கிடையாது. என் பேரன்கள் சந்தோஷமாக ஓட்டுகிறார்கள்.

தாத்தா சொன்னதற்குக் காரணமும் சுவையானது. பிரிட்டிஷ் என்ஜின்கள் உடல் சிறியவை, அந்தக் காலத்து மோட்டார் 1:87 உடலுக்குள் அடங்கவில்லை, பாதையை அப்படியே விட்டு உடலை மட்டும் பெரிதாக்கிவிட்டார்கள்.

திருச்சி சார், இன்னொன்றும் கேளுங்கள். ஜெர்மன் பயணிகள் பெட்டி 26.4 மீட்டர். சரியாகச் சுருக்கினால் 30.3 சென்டிமீட்டர் வரவேண்டும். மார்க்ளின் போன்ற பெரிய கம்பெனிகளே பல பெட்டிகளை நீளத்தில் மட்டும் இன்னும் குறைத்துச் செய்திருக்கின்றன, வீட்டு மேசையின் வளைவுகளில் திரும்ப வேண்டுமே. ஊர்களுக்கு நடுவே தூரத்தை யாருமே 1:87இல் வைக்க முடியாது. நிஜ ஒரு கிலோமீட்டர் 11.5 மீட்டர் ஆகிவிடும். விழுப்புரத்துக்கும் சென்னைக்கும் நடுவே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் கூடம் கட்டவேண்டிவரும். எல்லா மாதிரியும் எங்கோ ஒரு இடத்தில் பொய் சொல்லித்தான் ஆகவேண்டும். எந்தப் பொய்யைப் பொறுத்துக்கொள்கிறோம் என்பதில்தான் நீங்களும் நானும் வேறுபடுகிறோம்.

எனக்குப் பொறுக்க முடியாத பொய் வேகம். நூறு கிலோமீட்டர் வேகம் என்றால் இந்த அளவில் நொடிக்கு 32 சென்டிமீட்டர்தான். வீட்டில் பிள்ளைகள் ராக்கெட் மாதிரி விடுகிறார்கள், நான் கத்துகிறேன்.

அவரே: மீட்டர்கேஜ் ஊரில் வளர்ந்தவர் அகலப்பாதையின் அருமையை எப்படி அறிவார்!

பாருங்கள், ஊருக்கே வந்துவிட்டார். ஆமாம் சார், மீட்டர்கேஜ்தான். ஸ்விட்சர்லாந்துப் பகுதியில் பெரிய பாதைக்குப் பக்கத்தில் சிவப்பு நிறத்தில் ஒல்லியாக ஒரு ரயில் போகும், அது ரேட்டியன் ரயில்வே, ஆயிரம் மில்லிமீட்டர் அகலம், நம் பழைய விழுப்புரம் பாதையின் அதே அகலம். மாதிரியில் 12 மில்லிமீட்டர் பாதை. 11.5 வரவேண்டும், உங்களுக்காக அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை பார்த்தபோது பிள்ளைகள் என்னைப் பட்டன் பக்கம் இழுத்தார்கள், நான் நகரவில்லை.

விவாதம் இத்தோடு போதும். ஐந்து பேர் காத்திருக்கிறார்கள், அதில் மூன்று பேர் கேள்வி எனக்கு இப்போதே தெரியும்.

ஈரோடு: ஸ்ட்ரோலர்…
பாரிஸ்: தள்ளுவண்டில்…
சேலம்: பேபி டிராலி…

வேண்டாம். வேண்டாம். வேண்டாம்.

புனே தமிழர்: ஹாம்பர்க்குக்கெல்லாம் எங்களால் முடியாது. இங்கே ஏதாவது உண்டா?

உங்கள் ஊரிலேயே கோத்ருட்டில் ஜோஷி குட்டி ரயில் அருங்காட்சியகம் இருக்கிறதே! ஒரு தனிமனிதரின் வாழ்நாள் ஆசையில் வளர்ந்தது, 1998இல் திறந்தது. சுற்றிப் பார்க்கிற இடமல்ல, உட்காரவைத்து ஓட்டிக் காட்டுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஒருவிதத்தில் அதுவே மேல். சென்னையில் இருப்பவர்கள் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலைக்குப் பக்கத்து ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகலாம், அங்கே பெரும்பாலும் நிஜ என்ஜின்களும் பெட்டிகளும்.

டோர்ட்முண்ட் தம்பி மறுபடி: வெளிய வரேக்க கட்டாயம் அழுவான் அக்கா. அதுக்கு ஏதும் வழி?

கடையில் என்ன வாங்கலாம் என்பதை உள்ளே நுழையும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். மரத் தண்டவாளச் செட் இருந்தால் அதற்கு ஒரு பெட்டி, அவ்வளவுதான். மின்சார ரயில் இன்னும் இரண்டு வருஷம் கழித்து.

பிறகு, அடுத்த ரயிலில் நாமே ஏறப்போகிறோம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பௌம்வால் நிலையத்தில் யு3 மெட்ரோ ரயில் ஏறி லாண்டுங்ஸ்ப்ரூக்கன் பக்கம் போங்கள். துறைமுகத்தை ஒட்டி இரும்புப் பாலத்தின் மேலே ஓடும். இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். அங்கே கப்பல்கள் நிற்கும், எல்லாம் ஒன்றுக்கு ஒன்று அளவு.