சட்டம் எவ்வளவு வளையலாம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

குழந்தைகள் நலத் துறையில் களப்பணியாளராக இருக்கிறேன். எங்கள் சட்டங்கள் அப்பா, அம்மா, பிள்ளை என்று மூன்று பேரை மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்டவை போலத் தெரிகின்றன. நான் போகும் வீடுகளில் பாட்டி, சித்தப்பா, அத்தை எல்லோரும் சேர்ந்துதான் வளர்க்கிறார்கள். கேள்வி கேட்டால், "இதெல்லாம் மேற்கத்தியச் சரக்கு, எங்கள் பெரியவர்கள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள்" என்கிறார்கள். சட்டத்தை அந்தந்த மக்களின் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றினால் என்ன? மாற்றினால் எங்கே நிறுத்துவது? புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் பயிற்சியும் தருகிறேன். அவர்களிடம் என்ன சொல்லட்டும்?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் முதல் குறை நியாயமானது. அமெரிக்காவில் 1978க்கு முன் எடுத்த கணக்கெடுப்புகளின்படி, பூர்வகுடிக் குழந்தைகளில் நூற்றுக்கு 25 முதல் 35 பேர் வரை குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டிருந்தார்கள். பிள்ளையைப் பெரியம்மா வீட்டில் விட்டுவைத்ததையே 'கவனிப்பாரற்ற நிலை' என்று குறித்துக்கொண்ட அதிகாரிகள் இருந்தார்கள். அந்தச் சமூகங்களில் பெரியம்மாவும் தாய்தான் என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை. 1978ல் வந்த சட்டம் வரிசையை மாற்றியது: குழந்தையைத் தத்துக் கொடுப்பதென்றால் முதலில் உறவினர், அடுத்து அதே பழங்குடியினர், அதற்கப்புறம் மற்ற பூர்வகுடிக் குடும்பங்கள். இதை எதிர்த்த வழக்கில் 2023ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. வழக்கத்துக்காகச் சட்டம் வளைந்த நல்ல உதாரணம் இது.

'மேற்கத்தியச் சரக்கு' என்ற பேச்சை மட்டும் நான் ஏற்க மாட்டேன். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையைப் பிரித்துப் பாருங்கள். 5ஆம் பிரிவு, உள்ளூர் வழக்கப்படி பொறுப்பில் இருக்கும் கூட்டுக் குடும்பத்தையும் சமூகத்தையும் மதிக்கச் சொல்கிறது. 20ஆம் பிரிவு, இஸ்லாமியச் சட்டத்தின் கஃபாலா என்னும் வளர்ப்பு முறையைப் பெயர் சொல்லியே ஏற்கிறது. அதே உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, குழந்தையின் உடல்நலத்தைக் கெடுக்கும் மரபுகளை ஒழிக்க நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. ஆப்பிரிக்க நாடுகள் 1990ல் தமக்கென்று ஒரு சாசனம் எழுதிக்கொண்டன. பெரியவர்களை மதிப்பது குழந்தையின் கடமை என்று எழுதிய அதே கையால், 18 வயதுக்கு முன் திருமணம் கூடாது என்றும் எழுதினார்கள். இதை எந்த மேற்கு நாடும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சரி, எங்கே நிறுத்துவது? விக்டோரியா கிளிம்பியே வழக்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஐவரி கோஸ்டில் பிறந்த சிறுமி. நல்ல படிப்புக் கிடைக்கும் என்று நம்பிப் பெற்றோர் அவளை உறவுப் பெண்மணி ஒருவரோடு ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். உலகின் பல மூலைகளில் காலங்காலமாக நடக்கிற ஏற்பாடுதான். 2000 பிப்ரவரியில், எட்டு வயதில், லண்டனில் அவள் இறந்தாள். உடலில் 128 காயங்கள். அந்தப் பெண்மணிக்கும் அவருடைய துணைவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. மருத்துவமனை, போலீஸ், குழந்தைகள் நலத் துறை எல்லோரும் அவளைப் பார்த்தவர்கள்தான்.

2003ல் வெளிவந்த விசாரணை அறிக்கையில் ஒரு சிறிய இடம் வருகிறது. அந்தப் பெண்மணியின் முன்னால் குழந்தை எப்போதும் விறைப்பாக, அட்டென்ஷனில் நின்றிருக்கிறாள். அதைச் சமூகப் பணியாளர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆப்பிரிக்க-கரீபியக் குடும்பங்களில் பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை என்று நினைத்துக்கொண்டார். பெற்றோரைக் கேட்டபோது, எங்கள் வீட்டில் அவள் அப்படி நின்றதே இல்லை என்றார்கள்.

அது பயம். அதற்கு வழக்கம் என்று பேர் வைத்தது அந்தக் குடும்பம்கூட இல்லை, வெளியிலிருந்து போன, நல்ல எண்ணம் கொண்ட ஓர் ஊழியர். வழக்கத்தை மதிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கேள்வி கேட்காமல் வருவது அலுவலகத்துக்கு வசதியானது என்பது என் சந்தேகம். கோப்பை மூடிவிடலாம் அல்லவா!

ஆகவே நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். குழந்தையை யார் காப்பது, எந்த வீட்டில் வைப்பது, யார் கூடிப் பேசுவது என்பதையெல்லாம் வழக்கம் தீர்மானிக்கட்டும். குழந்தைக்கு எது நடக்கக் கூடாது என்பதை வழக்கத்திடம் விடக் கூடாது.

பெரியவர்கள் பேசித் தீர்ப்பதைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்த நாடு நியூசிலாந்து. அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் கேட்டதன் விளைவாக 1989ஆம் ஆண்டுச் சட்டத்தில் குடும்பக் கூட்டம் என்ற ஏற்பாடு வந்தது. அதிகாரிகள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு அறையைவிட்டு வெளியே போய்விட வேண்டும். தாத்தா, பாட்டி, மாமன், அத்தை எல்லோரும் தனியாகப் பேசி ஒரு திட்டத்தோடு வருவார்கள். ஆனால் யாராவது ஒருவர் அங்கே இருப்பது குழந்தைக்கு நல்லதில்லை என்றால் ஒருங்கிணைப்பாளர் அவரை வெளியே நிறுத்தலாம். உடன்பாடு வராவிட்டால் விஷயம் நீதிமன்றம் வரை போகலாம். உங்கள் வாயை அடைப்பதற்காகச் சொல்லப்படும் 'பேசித் தீர்ப்பது' இப்படியா நடக்கிறது? பாலியல் தொல்லை கொடுத்தவரே கூடத்தில் பெரிய மனிதராக உட்கார்ந்திருக்க, குழந்தையை உள்ளறைக்கு அனுப்பிவிட்டு, குடும்ப மானத்தைப் பற்றிப் பேசுவதற்கு நான் அந்தப் பெயர் தரமாட்டேன். (நியூசிலாந்திலும் எல்லாம் சரியாகிவிடவில்லை. அரசுப் பராமரிப்பில் மாவோரிக் குழந்தைகளின் பங்கு இன்னும் மிக அதிகம்.)

அடித்து வளர்ப்பதுதான் எங்கள் முறை என்பவர்களுக்கு ஸ்வீடன் கதையைச் சொல்லலாம். அவர்களும் அடித்து வளர்த்தவர்கள்தான். 1979ல் தடை வந்தபோது அந்தச் சட்டத்தில் தனியாகத் தண்டனை எதுவும் எழுதவில்லை. பால் பாக்கெட்டுகளில் செய்தியை அச்சடித்து வீடு வீடாகச் சேர்த்தார்கள். வழக்கம் மாறியது.

உங்கள் பயிற்சியில் விக்டோரியா வழக்கை ஒரு முழு அமர்வாக வையுங்கள். சமூகப் பணியாளர் அவளோடு செலவிட்ட மொத்த நேரம் அரை மணிக்கும் குறைவு என்பதையும் சொல்லுங்கள். குழந்தையைத் தனியாக, அதற்குப் பழகிய மொழியில், அவசரமில்லாமல் பார்க்க வேண்டும் என்பது முதல் பாடம். "இது எங்கள் வழக்கம்" என்று யாராவது சொன்னால் மறுக்கவும் வேண்டாம், தலையாட்டவும் வேண்டாம். அதே சமூகத்தின் வேறு இரண்டு வீடுகளில் விசாரிக்கட்டும். அந்த வீட்டிலேயே மற்ற பிள்ளைகள் இருந்தால், அவர்களும் அப்படித்தான் நிற்கிறார்களா என்று பார்க்கட்டும்.