வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது, கட்டுரையை நிறுத்தவா?

ஆர்டிஐயில் வாங்கிய தணிக்கை அறிக்கையை வைத்து ஒன்றியத் தலைவரின் சாலை ஒப்பந்தம் பற்றி எழுதியிருக்கிறீர்கள். 'அந்தரங்க உரிமை மீறல், வெளியிடக் கூடாது' என்று அவர் நோட்டீஸ் விட்டிருக்கிறார். பயப்படாதீர்கள். நோட்டீஸ் என்பது தடை உத்தரவு இல்லை.

தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடப் போனபோது சிறைத்துறை ஐஜி இப்படித்தான் மிரட்டிக் கடிதம் எழுதினார். நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் போட்ட அந்த வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: வெளியாகும் முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ உரிமையில்லை, குறை இருந்தால் வெளியான பிறகு வழக்குப் போடலாம். பொது ஆவணத்தில் உள்ளதை எழுதினால் அந்தரங்கம் என்ற வாதமும் நிற்காது. பதவி தொடர்பான செயல் என்றால், நியாயமாகச் சரிபார்த்து எழுதினீர்கள் என்று காட்டினாலே நஷ்டஈடு வழக்கில் போதும். ஆனால் கிரிமினல் அவதூறு (பாரதிய நியாய சன்ஹிதா என்ற பிஎன்எஸ் சட்டத்தின் 356ஆம் பிரிவு) தனிக் கதை. அதனால் தலைவரிடம் கேள்விகளை எழுத்தில் அனுப்பி, பதிலையும் சேர்த்துப் போடுங்கள்.

அவர் மகளின் விவாகரத்து பற்றிய அந்தப் பத்தியை மட்டும் தூக்கிவிடுங்கள். சாலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அதே ராஜகோபால் தீர்ப்புதான் குடும்பம், திருமணம் எல்லாம் அந்தரங்கம் என்கிறது. அந்த ஒரு பத்தியால் மொத்தக் கட்டுரையும் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம், உங்களைக் கேட்காமல் இடைக்காலத் தடை வாங்கிவிடாதபடி உள்ளூர் சிவில் கோர்ட்டில் ஒரு கேவியட் (முன்னெச்சரிக்கை மனு) போட்டு வையுங்கள். 90 நாள் செல்லும்.